உறையும் குருதியும் உறையாக் குருதியும்

மழைக்காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களுக்கு அட்டைக்கடி புதியதன்று. நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகளில் ஈரம் உலராத செடிகளினூடே காலையில் இறங்கியவர்கள், கொழுந்து நிறுக்கும் வேளையிலேதான் காலில் குருதி வழிந்திருப்பதைக் காண்பார்கள். அட்டை கடித்தபொழுது நோவு தெரிவதில்லை. அது வயிறு நிரம்பித் தானே விழுந்த பின்னரும் கடிவாயிலிருந்து குருதி கசிந்துகொண்டே இருக்கும். அரிவாள்மணையில் பட்ட விரற்காயம் சில நிமிடங்களில் அடைபட்டுவிடுகின்றது; அதனிலும் சிறிய அட்டைக்கடியோ நெடுநேரம் ஈரமாகவே இருக்கின்றது. இரண்டிலும் வடிவது ஒரே உடலின் குருதிதான். ஒன்று உறைவதும் மற்றொன்று உறையாதிருப்பதும் எதனால்? இவ்வினாவுக்கு விடை தெரிந்தால், பாம்புக்கடி முதல் பிள்ளைப்பேறு வரை, குருதி நில்லாமையால் உயிருக்கு ஆபத்து நேரும் சந்தர்ப்பங்கள் பலவும் விளங்கும். எதிலே பொறுத்திருக்கலாம், எதிலே சிறிதும் தாமதிக்கலாகாது என்பதும் தெளிவாகும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி ஓடுகின்றது. ஒட்சிசனைச் சுமந்து செல்லும் செங்குழியங்களும், நோயை எதிர்க்கும் வெண்குழியங்களும், சிறுதட்டுக்கள் எனப்படும் மிக நுண்ணிய துணுக்குகளும் அதில் மிதக்கின்றன. இவற்றைத் தாங்கிச் செல்லும் வெளிர்மஞ்சள் நிற நீர்மத்தைப் பிளாஸ்மா என்பர். உடல்நலமுள்ள ஒருவரின் குருதியில், ஒரு கனமில்லிமீற்றர் அளவுக்குள் 1,50,000 முதல் 4,50,000 வரை சிறுதட்டுக்கள் இருக்கும். ஒவ்வொன்றின் ஆயுளும் ஏறக்குறைய 8 முதல் 10 நாட்களே. ஆகையால் எலும்பு மச்சை அவற்றை ஓயாது ஆக்கிக்கொண்டிருக்கின்றது.

வாய்க்காலின் கரை உடைந்தால் முதலில் கல்லையும் மண்ணையும் இட்டு உடைப்பை அடைப்பர். பின்னர் அவை கரைந்துபோகாவண்ணம் கழிகளையும் கொடிகளையும் பின்னி வரிச்சுக் கட்டுவர். உடலும் இம்முறையையே கையாளுகின்றது. குழாய் அறுந்தவுடன் அதன் சுவர் சுருங்கி ஓட்டத்தைக் குறைக்கின்றது. அடுத்துச் சிறுதட்டுக்கள் ஓடிவந்து காயத்தின் விளிம்பில் ஒட்டி, ஒன்றோடொன்று பிணைந்து ஓர் அடைப்பாகின்றன. மூன்றாவதாகப் பைபிரின் என்னும் நார்கள் அவ்வடைப்பின்மேல் வலையாகப் பின்னப்படுகின்றன. இவ்வலையிலே குழியங்கள் சிக்கித் திரண்டு நிற்பதையே குருதிக்கட்டி என்கின்றோம்.

இந்நார்கள் முன்னதாகவே நார்களாகக் குருதியில் இருக்குமாயின் குழாய்களெல்லாம் அடைபட்டுவிடும். ஆகவே அவை கரைந்த நிலையில், பைபிரினோசன் என்ற உருவில், மறைந்து கிடக்கின்றன. காயம் பட்டதும் உறைதற் காரணிகள் எனப்படும் புரதங்கள் ஒன்றையொன்று எழுப்பிவிடுகின்றன. தீப்பற்றிய வீட்டுக்கு வரிசையாய் நின்று தண்ணீர்வாளியைக் கைமாற்றுவது போன்றது இச்செயல். வரிசையின் இறுதியில் துரொம்பின் என்னும் நொதியம் தோன்றுகின்றது. அதுவே பைபிரினோசனைப் பைபிரின் நாராக மாற்றுவது. காரணிகளுக்கு 1 முதல் 13 வரை எண்கள் இடப்பட்டுள்ளன. அவற்றுள் 6 என்னும் எண் இன்று வழக்கில் இல்லை. இவற்றிற் பெரும்பாலானவை ஈரலில் உருவாகின்றன. நான்கு காரணிகளுக்கு விற்றமின் கே இன்றியமையாதது. 1930களில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஹென்றிக் டாம் இவ்விற்றமினைக் கண்டறிந்து, 1943ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசில் பங்கு பெற்றார். பிறந்த குழந்தையின் உடலில் இது மிகக் குறைவாக இருப்பதனாலேயே, பிறந்தவுடன் விற்றமின் கே ஊசி ஏற்றப்படுகின்றது.

வரிசையில் ஒருவர் இல்லாவிட்டாலும் தண்ணீர் தீயைச் சென்றடையாது. குருதி உறையாமைக்கான நோய்கள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை. எக்கண்ணி அறுந்தது, அதை அறுத்தது எது என்பதைப் பொறுத்தே நோயின் பெயரும் மருந்தும் வேறுபடுகின்றன.

அட்டை அறுப்பது கடைசிக் கண்ணியை. தன் உணவு வாயிலேயே உறைந்துவிடாதிருக்க, அட்டை தன் உமிழ்நீரைக் காயத்தினுள் செலுத்துகின்றது. அவ்வுமிழ்நீரில் துரொம்பினைச் செயலிழக்கச் செய்யும் பொருள் உண்டு. மருத்துவ அட்டையின் உமிழ்நீருக்கு இவ்வாற்றல் உண்டென்பதை 1884ஆம் ஆண்டில் ஜோன் பெரி ஹேக்ராஃப்ட் என்பவர் எடுத்துக்காட்டினார். ஹிருடின் எனப் பெயர் பெற்ற அப்பொருளை, 1950களில் ஜெர்மனியரான ஃபிரிட்ஸ் மார்க்வார்ட் தூய நிலையில் பிரித்தெடுத்தார். அதை அடியொற்றி உருவான மருந்துகள் இன்று இருதய நோயாளரின் குழாய்களில் குருதி கட்டியாகாமல் தடுக்கப் பயன்படுகின்றன. மலைநாட்டு நில அட்டையின் கடியிலும் இத்தகைய தடைப்பொருளே வேலை செய்கின்றது. அது கடிவாயில் மட்டும் நிற்பது; உடல் முழுவதும் பரவுவதன்று. ஆகவே கடிவாயைக் கழுவித் தூய துணியால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். இங்கே பொறுத்திருக்கலாம்.

விரியன் கடியில் அவ்வாறு பொறுத்திருத்தல் ஆகாது. தேயிலை மலைகளில் கவ்வாத்து வெட்டுவோரும் புல் அறுப்போரும் சருகுக் குவியலின் அருகே காணும் சிறிய பாம்பு ஒன்றுண்டு. மூக்கின் நுனி மேனோக்கி நீண்டிருக்கும் இதனைக் கோப்பி விரியன் என்பர். இலங்கையில் நிகழும் நச்சுப்பாம்புக் கடிகளுள் மிகப் பலவற்றுக்கு இவ்வினமே காரணம். செடிகளின் கிளைகளிற் கிடக்கும் பச்சை விரியனோ பெரும்பாலும் கையிற் கடிக்கின்றது. இவற்றின் கடியால் பலருக்கு வீக்கமும் நோவுமே உண்டாகும். ஆயினும் சிலருக்கு நஞ்சு உடல் முழுவதும் பரவி, உறைதற் காரணிகளைக் காரணமின்றி எழுப்பிச் செலவழித்துவிடுகின்றது. வீட்டில் தீயில்லாதபோதே தண்ணீரையெல்லாம் இறைத்து முடித்துவிட்ட நிலை அது. பின்னர் முரசிலும் சிறுநீரிலும் குருதி தோன்றும், சிறுநீரகமும் பழுதடையக்கூடும்.

இதனை அறிய வைத்தியர்கள் கையாளும் சோதனை மிக எளியது. நோயாளியின் குருதியிற் சிறிதளவைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடங்கள் அசையாமல் வைத்துப் பின் சரித்துப் பார்ப்பர். கட்டியாகாமல் ஓடினால் உறைதற் காரணிகள் தீர்ந்துவிட்டன என்பது பொருள். இலங்கை வைத்தியசாலைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் இந்திய நச்சுமுறி மருந்து நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே உரியது. கோப்பி விரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. ஆகையால் கடித்த பாம்பு எதுவென வைத்தியர் அறிவது முக்கியமாகும். நோயாளியை வைத்தியசாலையிற் கண்காணித்தலும் முக்கியமாகும். கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியன செய்யத்தகாதவை. உறையாத குருதியுடையவரின் உடலிற் கீறுவது, உள்ள ஆபத்தோடு இன்னொன்றைச் சேர்ப்பதாகும். மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடியுண்ட உறுப்பை அசைக்காமல் தூக்கிச் செல்வதே சரியான முதலுதவி.

இனி, பிறப்பிலேயே ஒரு கண்ணி இல்லாத நிலையும் உண்டு. தவழத் தொடங்கிய ஆண்குழந்தையின் முழங்காலில் அடிக்கடி கன்றல் தோன்றுகின்றது. பால்பல் விழுந்தால் குருதி நாட்கணக்கில் வடிகின்றது. சிறுவன் வளர வளர மூட்டுக்கள் வீங்கி நோவெடுக்கின்றன. இது ஹீமோபீலியா என்னும் பிறவிநோயாக இருக்கலாம். 8ஆம் காரணி குறைந்தால் அது ஏ வகை. ஏறத்தாழ 5,000 ஆண்குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகின்றது. 9ஆம் காரணி குறைந்தால் பி வகை. இது மேலும் அரிது. இக்குறைபாடு தாய்வழி வரும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் அடங்கியிருப்பதால், பெரும்பாலும் தாய் நோயின்றிச் சுமக்க, மகன் நோயுறுகின்றான். சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வருவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. நோயாளருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்திலே முன்பு எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. எனவே இது சாபமுமன்று, தாயின் குற்றமுமன்று. இங்கிலாந்தின் விக்டோரியா அரசியாரின் வழித்தோன்றல்கள் மூலம் ஐரோப்பிய அரண்மனைகளிலும் இந்நோய் புகுந்தது. ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகன் அலெக்சிக்கு இருந்தது இதன் பி வகையே என 2009ஆம் ஆண்டில் எலும்புகளை ஆராய்ந்தோர் வெளியிட்டனர். அரண்மனைக்கும் லயத்துக்கும் இந்நோயில் வேற்றுமையில்லை. சிகிச்சை கிடைப்பதிலேதான் வேற்றுமை.

ஹீமோபீலியாவுக்கு வேண்டியது இல்லாத காரணியை ஏற்றுவதே. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜூடித் கிரகாம் பூல் ஓர் எளிய வழியைக் கண்டார். உறைந்த பிளாஸ்மாவை மெல்ல இளகவிடும்போது அடியிலே தங்கும் படிவில் 8ஆம் காரணி செறிந்திருப்பதை அவர் காட்டினார். இன்று செறிவாக்கப்பட்ட காரணிகளே பெரிதும் வழங்கப்படுகின்றன. இந்நோயுள்ள சிறுவனுக்கு அஸ்பிரின் கொடுத்தலாகாது. பல் பிடுங்குமுன்பும், தசையில் ஊசி ஏற்றுமுன்பும் நோயைப்பற்றி வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்.

ஆண்களுக்கே உரியது குருதிப்போக்கு நோய் என எண்ணலாகாது. 1926ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு வைத்தியர் எரிக் வொன் வில்லிபிராண்ட், ஒலாந்து தீவுகளின் ஒரு குடும்பத்திலே பெண்களையும் வருத்திய ஒரு குருதிப்போக்கு நோயை விவரித்தார். சிறுதட்டுக்களைக் காயத்தில் ஒட்டவைக்கும் புரதம் குறைவதால் வரும் இந்நோய், பெண்களிடம் மிகுந்த மாதவிடாய்ப் போக்காக வெளிப்படுவதுண்டு. அதனைப் பெண்ணின் இயல்பென்று எண்ணிப் பொறுத்துக்கொள்வோர் பலர். மாதந்தோறும் இழக்கும் குருதியால் உடலின் இரும்புச்சத்துக் கரைந்து, மலையேறும்போது மூச்சிரைப்பதும் தலைசுற்றுவதும் தொடரும். இத்தகைய பெண் சோதனைக்கு உட்படவேண்டியவள். சோம்பேறி என ஏசப்படவேண்டியவள் அல்லள்.

இதுவரை கூறியவற்றில் குறை பிறப்பிலிருந்தோ வெளியிலிருந்தோ வந்தது. உடலின் காவற்படையே உடைமையைச் சூறையாடும் நோயும் ஒன்றுண்டு. கிருமிகளை எதிர்க்க உடல் ஆக்கும் புரதங்களைப் பிறபொருளெதிரிகள் என்பர். சிலவேளை இவை சொந்தச் சிறுதட்டுக்களையே பகையெனக் கொண்டு அவற்றிற் படிகின்றன. படிந்தவற்றை மண்ணீரல் அழிக்கின்றது. அப்போது தோலிலே ஊசிமுனை அளவான சிவந்த புள்ளிகள் தோன்றும். அழுத்தினாலும் அவை மறையா. இந்நோயின் காரணம் குருதியிலேயே உண்டென்பதை நிறுவ, 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து இளம் வைத்தியர் வில்லியம் ஹாரிங்டன், இந்நோயுற்ற ஒருவரின் குருதியைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய சிறுதட்டுக்கள் அபாயகரமாகக் குறைந்தன. அவருக்கு வலிப்பும் கண்டது. நாட்கள் சில கழிந்த பின்னரே எண்ணிக்கை மீண்டது. நோய் மச்சையின் சோர்வினாலன்று, குருதியிலுள்ள ஏதோவொன்றினால் வருவது என்பது அவ்வாறு வெளிப்பட்டது.

குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சல் போன்றவற்றின் பின் வரும் இந்நோய் பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தானே தணிகின்றது. பெரியவர்களிடம் நீடிப்பதுண்டு. இங்கே சிறுதட்டுக்களை ஏற்றுவதால் பெரும்பயன் இல்லை, ஏற்றப்பட்டவையும் அழிக்கப்பட்டுவிடும். காவற்படையை அடக்கும் மருந்துகளே தேவை. குறைந்ததை நிரப்புவது மட்டும் மருத்துவமன்று, குறைந்த காரணத்தை அறிவதே மருத்துவம் என்பதற்கு இது சான்றாகும்.

குருதி அனைத்தும் ஒருங்கே போகும் ஆபத்து மகப்பேற்றில் நேரலாம். நச்சுக்கொடி பிரிந்தவுடன் கருப்பை இறுகச் சுருங்கித் தன் குழாய்களை நெரித்து அடைக்கவேண்டும். அது சுருங்காவிட்டால், நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேலும் குருதி பாயும் அவ்வுறுப்பிலிருந்து குருதி மதகு திறந்தாற்போல் வெளியேறும். உறைதல் மட்டும் அதனைத் தடுக்கவல்லதன்று. உலகெங்கும் தாய்மார் இறப்புக்கு முதன்மையான காரணங்களுள் இது ஒன்று. ஏற்கெனவே குருதிச்சோகையுள்ள பெண், பிறர் தாங்கும் இழப்பையும் தாங்கமாட்டாள். எனவே கர்ப்பகாலத்தில் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாது விழுங்குதல் வேண்டும். உணவோடு தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கும். தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரமாவது முன் பின்னாகத் தள்ளிவைத்தல் நன்று. தேயிலையை விளைவிப்போர் அறியவேண்டிய செய்தி இது.

குருதிக்கட்டியைக் கரையாமற் காக்கும் திரனெக்ஸாமிக் அமிலம் என்னும் மருந்தை 1962ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் உத்தாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் அறிவித்தனர். 20,000 தாய்மாரிடம் பல நாடுகளில் நடத்தப்பெற்று 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பிள்ளைப்பேற்றின் பின் குருதி பெருகும் தாய்க்கு 3 மணி நேரத்துக்குள் இதனைக் கொடுத்தால், குருதிப்போக்கால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. மூன்று மணி கடந்தபின் அப்பயன் காணப்படவில்லை. வளைந்து வளைந்து இறங்கும் தோட்டப் பாதைகளைக் கொண்ட நாட்டுக்கு இக்கணக்கின் பொருள் தெளிவு: பேறு வைத்தியசாலையிலேயே நிகழவேண்டும், புறப்படுதலில் தாமதம் கூடாது.

பெருமளவு குருதி போனபின் மற்றொருவர் குருதியே துணை. 1818ஆம் ஆண்டில் மனிதர் குருதியை மனிதருக்கு ஏற்ற முயன்ற இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பிளண்டெல், பேற்றின்போது தாய்மார் மாள்வதைக் கண்டு மனம் வருந்தியே அவ்வாராய்ச்சியில் இறங்கினார். சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். ஏனென்பது 1901ஆம் ஆண்டில் வியன்னாவின் கார்ள் லாண்ட்ஸ்டைனர் குருதிவகைகளை வெளியிட்டபோதே விளங்கியது. செங்குழியத்தின் மேற்பரப்பிலுள்ள அடையாளங்களைக் கொண்டு ஏ, பி, ஏபி, ஓ என நான்கு வகைகள் வகுக்கப்பட்டன. ஏ வகையாரின் பிளாஸ்மாவில் பி வகைக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இயல்பாகவே உண்டு. மாறான வகையை ஏற்றினால் அவை வந்த குழியங்களை உடைத்தெறியும். உறவினர் குருதி எப்போதும் பொருந்தும் என்னும் நம்பிக்கை இதனால் தவறாகின்றது; உடன்பிறந்தாரும் வேறு வகையினராக இருக்கலாம். 1940ஆம் ஆண்டில் ரீசஸ் அடையாளமும் அறியப்பட்டது. ரீசஸ் இல்லாத தாய், அது உள்ள குழந்தையைப் பெற்றால், அடுத்த குழந்தையின் குருதியைத் தாயின் பிறபொருளெதிரிகள் தாக்கக்கூடும். 1960களின் இறுதியில் வழக்கிற்கு வந்த ஓர் ஊசி அதனைத் தடுக்கின்றது. முதற் கர்ப்பத்திலேயே குருதிவகையைச் சோதிப்பது இதனால்தான்.

ஒருவர் ஒருமுறை கொடுக்கும் ஏறத்தாழ 450 மில்லிலீற்றர் குருதியைப் பல கூறாகப் பிரிக்கலாம். செங்குழியங்கள் குளிரிலே சேர்க்கைநீர்மத்துக்கேற்ப 35 அல்லது 42 நாட்கள் இருக்கும். சிறுதட்டுக்கள் 5 நாட்களே. உறையவைத்த பிளாஸ்மா ஓராண்டுக்கு மேலும் இருக்கும். எனவே குருதியைச் சேர்த்துப் பூட்டிவைத்து நெடுங்காலம் காக்கவியலாது. கொடுப்போர் தொடர்ந்து கொடுத்தல் வேண்டும். இலங்கையின் தேசிய குருதிமாற்றுச் சேவை, 2014ஆம் ஆண்டளவில் முற்றிலும் கூலியில்லாத் தன்னார்வக் கொடையாளரையே நம்பும் நிலையை எய்தியது. அவ்வாண்டு ஜூன் 14ஆம் திகதி உலகக் குருதிக் கொடையாளர் தினத்தை இலங்கையே உலகுக்காக நடத்தியது. தாய்மாரைக் காக்கப் பாதுகாப்பான குருதி என்பதே அவ்வாண்டின் கருப்பொருள். சேர்க்கப்படும் ஒவ்வொரு பையும் எயிட்ஸ் கிருமி, ஈரல் அழற்சி பி, சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்படுகின்றது.

18 முதல் 60 வயதுக்குட்பட்ட, 50 கிலோவுக்குக் குறையாத, சோகையற்றோர் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை குருதி கொடுக்கலாம். கொடுத்தால் உடல் என்றென்றும் மெலிந்துவிடும் என்பது வெறும் அச்சமே. நீர்மம் ஓரிரு நாட்களிலும் குழியங்கள் சில வாரங்களிலும் மீள நிரம்பும். சோகை இருப்பின் வாங்கமாட்டார்கள். அச்சோதனையும் ஒரு நன்மையே.

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வைத்திய வசதி வேண்டும் என்பதற்காகச் சட்டம் இயற்றப்பட்டது 1872ஆம் ஆண்டிலே. ஹட்டனை அடுத்த டிக்கோயாவில் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலைக் கட்டடம் இந்திய உதவியுடன் எழுந்து 2017ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். கட்டடமும் வண்டியும் குருதிப்பையும் ஒருபுறம் காத்திருக்க, நோயாளி லயத்தின் அறையிலே காத்திருப்பாராயின் பயனில்லை. பத்து நிமிடம் இடைவிடாது அழுத்தியும் நில்லாத காயம், விரியன் கடி, காரணமின்றித் தோன்றும் கன்றலும் செம்புள்ளிகளும், காயமின்றி வீங்கும் மூட்டு, பேற்றின் பின் துணிகளை நனைத்துப் பெருகும் குருதி ஆகிய இவற்றுள் எதைக் கண்டாலும் பொழுது விடியட்டும் என்று இருத்தல் ஆகாது. உறைதல் என்னும் சங்கிலியில் அறுந்த கண்ணியை மருந்தும் பிறர் குருதியும் மீளப் பூட்டவல்லன. கடந்துபோன நேரத்தை எதுவும் மீட்கமாட்டாது.